நாலு மணிக்கு எழுந்த தேவமனிதர்



ஊழியத்திலே என் காதில் அடிக்கடி விழுகிற வார்த்தை ஒன்று உண்டு. இன்னைக்கு ஜெபிக்கவே தோணலை ஐயா, உள்ளம் வறண்டு கிடக்கு என்பார்கள். ஞாயிறு ஆராதனையிலே கண்ணீரோடு துதித்தவர்கள்தான் புதன்கிழமை இப்படிச் சொல்லுகிறார்கள். அவர்களை மட்டும் சொல்லி என்ன? உபவாச ஜெபத்துக்கு நாலே பேர் வந்த ஒரு நாளில், மழையைச் சாக்கு வைத்து சீக்கிரமாய் முடித்துவிட்டு வீட்டுக்குப் போன போதகன்தான் நானும். அன்று ராத்திரி தூக்கம் வராமல் நான் எடுத்து வாசித்தது ஜான் வெஸ்லியின் சரித்திரம். அது என் இருதயத்தைக் குத்தினது.

நமக்கும் இந்த மனிதருக்கும் சம்பந்தம் உண்டு. அவர் போதித்த பரிசுத்தமாகுதலின் உபதேசம் 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலே பரிசுத்த இயக்கமாகப் பரவினது. அந்த நிலத்திலிருந்துதான் 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெந்தெகொஸ்தே எழுப்புதல் முளைத்தது. ஆகவே இவர் நம்முடைய ஆவிக்குரிய பாட்டனார் மாதிரி.

தாய் போட்ட அஸ்திபாரம்

1703-ம் ஆண்டு ஜூன் மாதம், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் எப்வொர்த் என்ற சிற்றூரிலே ஒரு குருவானவரின் வீட்டில் வெஸ்லி பிறந்தார். 19 பிள்ளைகளில் இவர் 15-வது பிள்ளை. அநேக பிள்ளைகள் சிறு வயதிலேயே மரித்துப்போனார்கள். தகப்பன் சாமுவேல் படித்தவர், ஆனால் கடன்காரர். கடனுக்காக சிறைக்கும் போனவர். அந்த வீட்டைத் தாங்கினது தாயாகிய சூசன்னாள்தான். சாப்பிட, தூங்க, படிக்க, ஜெபிக்க எல்லாவற்றுக்கும் அந்தத் தாய் நேரம் வைத்திருந்தாள். வாரத்திலே ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியே உட்காரவைத்து அதன் ஆத்துமாவைக் குறித்துப் பேசுவாள். ஜானுக்கு வியாழக்கிழமை. இத்தனை பிள்ளை, இத்தனை கஷ்டம்! ஆனாலும் மனசு சரியில்லை என்று அவள் அந்த வழக்கத்தை விடவில்லை.

1709 பிப்ரவரியில் ஒரு ராத்திரி அந்த வீடு தீப்பிடித்தது. எல்லோரும் வெளியே ஓடிவந்த பிறகுதான் 5 வயது ஜான் மாடியிலே இருக்கிறான் என்று தெரிந்தது. ஒருவர் தோள்மேல் ஒருவர் ஏறி ஜன்னல் வழியாக பிள்ளையை எடுத்தார்கள். அடுத்த நொடியிலே கூரை விழுந்தது! தேவன் காரணமில்லாமல் என்னைக் காப்பாற்றவில்லை என்ற எண்ணம் சாகும்மட்டும் வெஸ்லியை விடவில்லை.

நியமம் இருந்தது, சமாதானம் இல்லை

1720-ல் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனார். ராத்திரி 12, 1 மணிக்கெல்லாம் முழிப்பு வந்து படுத்தே கிடப்பது அவருக்கு ஒரு தொந்தரவாய் இருந்தது. தேவைக்கு அதிகமாகப் படுக்கிறேனோ என்று யோசித்தார். ஒரு அலாரக் கடிகாரம் வாங்கி முதல் நாள் 7 மணிக்கு எழுந்தார். ராத்திரி முழிப்பு வந்தது. மறுநாள் 6 மணி, அப்புறம் 5 மணி. அப்பவும் முழிப்பு. நாலாம் நாள் 4 மணிக்கு எழுந்தார். அன்றிலிருந்து இடையிலே முழிப்பு வரவில்லை. 60 வருஷத்துக்குப் பிறகும் தாம் 4 மணிக்கே எழும்புகிறதாக அவரே சாட்சி எழுதினார். எத்தனை எளிமையான காரியம் பாருங்கள்! தரிசனமும் இல்லை, சத்தமும் இல்லை. ஒரு கடிகாரமும் ஒரு தீர்மானமும்தான்.

1729 முதல் அவரும் தம்பி சார்லஸும் சில வாலிபர்களும் ஒரு சிறு கூட்டமாகக் கூடினார்கள். புதனும் வெள்ளியும் உபவாசம். வேதவாசிப்பு, சிறைச்சாலை ஊழியம், ஏழைகளுக்கு உதவி. எல்லாவற்றுக்கும் ஒரு முறை வைத்து நடப்பதைப் பார்த்து மற்ற மாணவர்கள் மெதடிஸ்ட் என்று கேலி பண்ணினார்கள். முறைக்காரர்கள் என்று அர்த்தம். அந்தக் கேலிப் பெயர்தான் பிறகு உலகமெங்கும் பரவின ஒரு சபையின் பெயரானது!

ஆனால் இங்கே ஒன்றைக் கவனியுங்கள். இவ்வளவு ஒழுங்கு இருந்தும் இரட்சிப்பின் நிச்சயம் அவருக்கு இல்லை. 1735-ல் மிஷனெரியாக அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்குக் கப்பல் ஏறினார. வழியிலே கொடும்புயல். வெஸ்லி நடுங்கினார். அதே கப்பலில் ஜெர்மனி தேசத்து மொராவிய விசுவாசிகள் பெண்டு பிள்ளைகளோடு அமைதியாய்ப் பாடிக்கொண்டிருந்தார்கள். தன்னிடம் இல்லாத ஒன்று அவர்களிடம் இருக்கிறதே என்று அவருக்கு உறைத்தது. ஜார்ஜியா ஊழியமும் தோல்விதான். தான் விரும்பின பெண் வேறொருவரை மணந்தபின் அவளுக்குத் திருவிருந்து கொடுக்க மறுத்து, வழக்கிலே மாட்டி, 1737 டிசம்பரில் ஊரை விட்டுப் புறப்பட வேண்டியதாயிற்று. நியமம் மாத்திரம் ஒருவரையும் இரட்சிக்காது, பிரியமானவர்களே!

மனசில்லாமல் போன கூட்டம்

லண்டனுக்குத் திரும்பினவர் பீட்டர் போலர் என்ற மொராவிய வாலிபரைச் சந்தித்தார். விசுவாசம் இல்லாத நான் பிரசங்கத்தை நிறுத்திவிடட்டுமா என்று கேட்டார். நிறுத்தாதே, விசுவாசம் வரும்வரைக்கும் விசுவாசத்தைப் பிரசங்கி, வந்தபின் அது உன்னிடம் இருப்பதினாலே பிரசங்கிப்பாய் என்ற கருத்திலே அவர் ஆலோசனை சொன்னார். வெஸ்லி அப்படியே செய்தார். மரண தண்டனை பெற்ற ஒரு கைதிக்கு முதலாவது அறிவித்தார்.

1738 மே 24-ந் தேதி சாயங்காலம் ஆல்டர்ஸ்கேட் தெருவிலே ஒரு சிறு கூட்டம். அதற்கு தான் மனசில்லாமல்தான் போனதாக வெஸ்லியே தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். அங்கே ஒருவர் ரோமர் நிருபத்துக்கு மார்ட்டின் லூத்தர் எழுதிய முன்னுரையை வாசித்துக்கொண்டிருந்தார். ஏறக்குறைய எட்டே முக்கால் மணிக்கு வெஸ்லியின் உள்ளத்திலே ஒரு விசேஷித்த அனல் உண்டாயிற்று. கிறிஸ்து தன் பாவங்களையே நீக்கினார் என்ற நிச்சயம் வந்தது. அல்லேலூயா!

நான் அடிக்கடி நினைப்பேன். அன்று சாயங்காலம், மனசு வரலை, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று அவர் அறையிலே படுத்திருந்தால்? அந்த அனலுக்கு அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவருடைய உணர்ச்சி அல்ல. போக வேண்டிய இடத்துக்குப் போகிற பழக்கம்.

அப்புறம் எல்லாம் சந்தோஷமா? இல்லை. அன்று ராத்திரியே சோதனைகள் வந்தன. எதிர்பார்த்த பொங்கும் மகிழ்ச்சி வரவில்லை. 1739 ஜனவரியில், தான் இன்னும் கிறிஸ்தவன் இல்லை என்றுகூட நாட்குறிப்பிலே எழுதிவைத்தார்! ஆனால் எழுதிவிட்டுப் படுத்துக்கொள்ளவில்லை. 4 மணிக்கு எழுந்தார், ஜெபித்தார், பிரசங்கித்தார்.

வெளியே நின்று பேசினார்

அதே வருஷம் ஏப்ரலில் நண்பர் ஜார்ஜ் விட்ஃபீல்டு அவரை பிரிஸ்டல் நகரத்துக்கு வரச்சொன்னார். ஆலயம் மிதியாத ஜனங்களுக்கு திறந்த வெளியிலே பிரசங்கிக்க வேண்டும் என்றார். வெஸ்லிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆலயத்துக்கு வெளியே ஆத்துமாவை இரட்சிப்பது பாவம் என்கிற அளவுக்கு முறைமை பார்த்தவர் அவர். ஆனாலும் கூச்சத்தைக் கீழே போட்டு, 2-ந் தேதி ஊருக்கு வெளியே ஒரு மேட்டிலே நின்றார். ஏறக்குறைய 3,000 பேர் கேட்டார்கள். எழுப்புதலின் கதவு அங்கே திறந்தது.

அதற்குப் பிறகு 50 வருஷத்துக்கு மேல் நிற்காத ஓட்டம். குதிரையின் கடிவாளத்தைத் தளரவிட்டு, புஸ்தகம் வாசித்துக்கொண்டே பிரயாணம் பண்ணுவார். வயதான காலத்தில் வண்டியிலே போனார். மொத்தம் 2,50,000 மைல், 40,000 பிரசங்கம் என்று கணக்குச் சொல்லுகிறார்கள். சுரங்கத் தொழிலாளிகள் வேலைக்குப் போகுமுன் கேட்கட்டும் என்று விடியற்காலை 5 மணிக்குப் பிரசங்கம் வைப்பார். 1743-ல் வெட்னஸ்பரியிலே ஒரு கலகக் கும்பல் பல மணி நேரம் அவரை இழுத்து அலைக்கழித்தது. கடைசியில் அந்தக் கும்பலின் தலைவனே அவரைப் பாதுகாத்து அனுப்பினான்!

மனம் மாறினவர்களை அவர் சும்மா விடவில்லை. 1742 முதல் ஏறக்குறைய 12 பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, வாரந்தோறும் ஒருவர் நிலையை ஒருவர் விசாரிக்கும்படி வைத்தார். உணர்ச்சி ஒரே நாளிலே கூட்டத்தைக் கூட்டும், அதைக் காப்பாற்ற ஒழுங்கு வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.

டீயும் காசும்

1746-ல் ஏழைகளுக்குக் கொடுக்கப் பணம் மிஞ்ச வேண்டும் என்றும், உடம்புக்கும் நல்லதல்ல என்றும் எண்ணி டீ குடிப்பதை நிறுத்தினார். 26 வருஷப் பழக்கம்! மூன்று நாள் தலைவலி. ஆனாலும் விட்டது விட்டதுதான். பல வருஷம் கழித்து வைத்தியர் சொன்ன பிறகே மறுபடி குடித்தார். காலையிலே காபி பிந்தினால் வீட்டாரிடம் முகம் சுளிக்கிற நமக்கு இது நல்ல பாடம்.

வாலிபத்தில் வருஷம் 30 பவுண்டு வருமானம் வந்தபோது 28-ல் ஜீவித்து 2 கொடுத்தார். வருமானம் 60 ஆனது. அப்பவும் 28-ல் ஜீவித்து 32 கொடுத்தார். 90 ஆனபோது 62, 120 ஆனபோது 92. சம்பளம் ஏறினால் செலவும் ஏற வேண்டும் என்ற சட்டம் அவரிடம் செல்லவில்லை.

1785 ஜனவரியில் அவருக்கு 81 வயது. லண்டன் தெருக்களில் உருகின பனி கணுக்கால் மட்டும் கிடந்தது. ஏழைகளுக்கு உடை வாங்க அந்தச் சேற்றிலே நாலைந்து நாள் வீடு வீடாக நடந்து 200 பவுண்டு சேர்த்தார். கடைசியில் வியாதியிலே விழுந்தார். அந்தக் குளிரில் எந்த மனுஷனுக்கு வெளியே போகத் தோன்றும்?

குறையும் கண்ணீரும்

தேவமனிதர்களின் குறையை மறைப்பது நல்லதல்ல. 1751-ல் ஒரு விதவையை விவாகம் பண்ணினார். அந்த வீடு சந்தோஷமாய் இல்லை. விவாகம் ஆனதினால் ஒரு பிரசங்கமும் ஒரு நாள் பிரயாணமும் குறையக்கூடாது என்று அவர் நினைத்தார். மனைவி பல தடவை பிரிந்துபோனார்கள். அந்த அம்மாள் பக்கத்திலும் தப்பு உண்டு. ஆனாலும் என் கருத்தைச் சொல்லுகிறேன்: தேவனுக்குக் கொடுத்த ஒழுங்கிலே மனைவிக்குரிய நேரமும் அடங்க வேண்டும். நாலு மணிக்கு எழுந்து ஜெபித்துவிட்டு எட்டு மணிக்கு வீட்டிலே எரிந்துவிழுந்தால் அது நியமம் அல்ல, ஊழியக்காரரே!

உணர்ச்சியே இல்லாத கல் மனிதரா அவர்? இல்லை. 1788-ல் தம்பி சார்லஸ் மரித்தார். இரண்டு வாரம் கழித்து போல்டன் ஊரிலே ஆராதனை நடத்தினார். யாக்கோபின் போராட்டத்தைப் பற்றித் தம்பி எழுதின பாட்டை வாசித்தார். தனியே விடப்பட்டதைச் சொல்லும் அடி வந்ததும், 84 வயது முதியவர் பிரசங்கபீடத்திலே உட்கார்ந்து முகத்தைக் கைகளால் மூடி அழுதார். சபையும் அழுதது. பிறகு எழுந்தார், ஆராதனையைத் தொடர்ந்தார். அழவேண்டிய நேரத்தில் அழுதார், ஆனால் கண்ணீர் அவரை நடத்தவில்லை.

1766-ல் அந்தத் தம்பிக்கு எழுதின ஒரு கடிதத்தைப் படித்தால் நாம் திகைத்துப்போவோம். தனக்குள் தேவ அன்பை உணரவில்லை என்றே மனம் திறந்து எழுதியிருந்தார். அதே கடிதத்திலே, தேவனுடைய வேலையில் வைராக்கியம் குறையவில்லை, கூடியிருக்கிறது என்றும் எழுதினார். எழுப்புதல் வீரனுக்கும் வறண்ட நாட்கள் உண்டு! அந்த நாட்களிலும் ஜனங்கள் இரட்சிக்கப்பட்டார்கள்.

1791 பிப்ரவரி 23-ல் கடைசிப் பிரசங்கம். மறுநாள், அடிமை வியாபாரத்துக்கு விரோதமாகப் போராடும்படி வில்லியம் வில்பர்ஃபோர்ஸுக்கு உற்சாகக் கடிதம் எழுதினார். மார்ச் 2-ந் தேதி தன் 87-வது வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். பெட்டியைச் சுமக்க ஆறு ஏழைகளைக் கூப்பிட்டு, ஆளுக்கு ஒரு பவுண்டு கொடுக்கும்படி உயிலிலே எழுதியிருந்தார்.

தேவபிள்ளையே, உனக்கு

கிருபை இல்லாத நியமம் ஜார்ஜியாவிலே உடைந்தது. கிருபையைப் பெற்றபின் அதே நியமம் அவரை 50 வருஷம் சுமந்தது. நாம் அபிஷேகத்தை வாஞ்சிக்கிறோம், வாஞ்சிக்கவும் வேண்டும். ஆனால் உணர்ச்சி நம் வீட்டுக்கு வருகிற விருந்தாளி. வரும்போது சந்தோஷமாய் வரவேற்போம். அது போன பிறகும் அடுப்பு எரிய வேண்டுமே! தானியேலும் ராஜாவின் கட்டளை வந்த அன்று புதிதாக ஜெபிக்கத் தொடங்கவில்லை. வழக்கமாய்ச் செய்துவந்ததையே செய்தான்.

நாளைக்கே நாலு மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெஸ்லியும் 7 மணியிலே தொடங்கினவர்தான். இன்றைய உன் வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே எழும்பு. ஜெபம் வந்தாலும் வராவிட்டாலும் முழங்காலிலே இரு. வேதத்தைத் திற. அந்த நாலு பேர் கூட்டத்தை அதன்பின் நான் ஒரு நாளும் சீக்கிரம் முடிக்கவில்லை. சில நாள் அனல் உண்டு, சில நாள் இல்லை. கதவு மட்டும் திறந்தே இருக்கிறது.

கர்த்தர்தாமே உங்களைப் பலப்படுத்துவாராக. ஆமென்.