ஒரு பொருள், இரண்டு வேலை: ஐலீன் கிரே

காந்தி, காமராஜர், அன்னை தெரசா எல்லாரைப் பற்றியும் நம் சுவர் இதழில் வந்துவிட்டது. அதனால் நான் மேஜை, நாற்காலி, விளக்கு செய்த ஒரு அம்மையாரைப் பற்றி எழுதுகிறேன். அவர் பெயர் ஐலீன் கிரே.

ஐலீன் கிரே 1878 ஆகஸ்ட் 9 அன்று அயர்லாந்து நாட்டில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் கடைசிப் பிள்ளை. வசதியான குடும்பம். அப்பா ஓவியர். ஐலீனும் லண்டனில் ஓவியம் படித்துவிட்டுப் பிரான்ஸ் நாட்டுக்குப் போனார். பாரீஸ் நகரில் சுகவாரா என்ற ஜப்பானியரிடம் மரச்சாமான்களுக்கு மெருகு பூசும் வேலையைக் கற்றுக்கொண்டார். நம்ம ஊர் அரக்கு பூச்சியிலிருந்து வருவது. இது மரத்துப் பாலில் செய்வது. ஒரு பூச்சு காய்ந்த பிறகு தேய்த்து, அதன் மேல் இன்னொரு பூச்சு, இப்படி இருபது தடவைக்கு மேலும் பூச வேண்டும். வேடிக்கை என்னவென்றால் இது வெயிலில் காயாது, ஈரக்காற்று உள்ள அறையில்தான் காயும். அந்தப் பால் பட்டு அவர் கையெல்லாம் தடித்துப் புண்ணானது. அப்படியும் விடவில்லை.

1922இல் பாரீசில் ஒரு கடை திறந்தார். பெயர்ப்பலகையில் தன் பெயரைப் போடவில்லை. ழான் தெசேர் என்று ஒரு ஆம்பளை பெயர் வைத்தார். அப்படி ஒரு ஆளே கிடையாது! பெண் நடத்தும் கடை என்றால் மதிக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார் என்பது என் எண்ணம். 1930இல் கடையை மூடிவிட்டார்.

அதற்குள் இன்னொரு பெரிய வேலை செய்து முடித்திருந்தார். 1926 முதல் 1929 வரை பிரான்சின் தெற்கே கடலோரத்தில் பாறை மேல் ஒரு வீடு கட்டினார். ழான் பதோவிச்சி என்ற நண்பரும் கூட இருந்தார். வீட்டுக்கு வைத்த பெயர் இ-1027. இ என்றால் ஐலீன். ஆங்கில எழுத்து வரிசையில் 10ஆவது ஜே, 2ஆவது பி, அது நண்பர். 7ஆவது ஜி, அது கிரே. (நீங்களும் உங்கள் பெயருக்குப் போட்டுப் பாருங்க.)

வீடு சின்னது. அதனால் ஒவ்வொரு பொருளும் இரண்டு வேலை பார்க்க வேண்டியிருந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியிலேயே விளக்கு இருக்கும். அதிலிருந்து நீட்டிக்கொண்டு ஒரு குட்டிக் கண்ணாடி, அதில் பார்த்தால் பின்னந்தலை தெரியும்! கட்டிலின் தலைமாட்டுப் பலகையிலேயே படிக்கிற விளக்கையும் பொருத்தினார். ஒரு மேஜை செய்தார், அதற்குக் கால் ஓரத்தில்தான் இருக்கும். அடிவளையம் கட்டிலுக்கு அடியில் நுழைந்துவிடும், மேலே கண்ணாடித் தட்டு நம் மடிக்கு நேராக வரும். ஒரு முளையைப் பிடுங்கி மாட்டினால் உயரம் கூடும், குறையும். படுக்கையில் சாப்பிடும் அவர் அக்காவுக்காகச் செய்தது என்று சொல்கிறார்கள். விளக்கு என்றால் மூடி வேண்டும் என்று எல்லாரும் இருந்த காலத்தில், ஒரு கம்பியில் வெறும் குழல் விளக்கை நிறுத்தி வைத்தார். அதன் பெயரே ட்யூப் லைட். (நம் வகுப்பில் யாரை அப்படிக் கூப்பிடுகிறோம் என்று எழுத மாட்டேன்.)

இனிமேல்தான் எனக்குக் கோபம் வந்த இடம். ஐலீன் அந்த வீட்டை விட்டு வெளியே போன பிறகு, 1938, 1939இல், கர்பூசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டிடக் கலைஞர் அங்கே வந்து சுவரெல்லாம் பெரிய பெரிய ஓவியம் வரைந்தார். பதோவிச்சி சம்மதித்தார். கட்டின அம்மாவை யாரும் கேட்கவில்லை. சுவர்களை வெறுமையாக விட்டதே அவர் வேண்டுமென்று செய்தது. அவர் இதை நாசவேலை என்றே நினைத்தார். பிறகு யுத்தத்தில் சிப்பாய்கள் அந்தச் சுவர்களில் துப்பாக்கி சுட்டுப் பழகினார்கள். இதையெல்லாம் விட மோசம், பல வருஷம் அந்த வீட்டைக் கட்டியது பதோவிச்சி என்றும் கர்பூசியே என்றும் பலர் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஐலீன் அதற்காகச் சண்டைக்குப் போகவில்லை. பாரீஸ் வீட்டில் வேலை செய்துகொண்டே இருந்தார். 1968இல் ஒரு இத்தாலியப் பத்திரிகையில் அவரைப் பற்றிக் கட்டுரை வந்தது. அப்போது அவருக்குக் கிட்டத்தட்ட 90 வயது! அதன் பிறகுதான் லண்டனில் கண்காட்சி வைத்தார்கள், அவருடைய மேஜையை மறுபடி செய்து விற்றார்கள். 1976 அக்டோபர் 31 அன்று 98 வயதில் காலமானார்.

2009இல் அவருடைய ஒரு நாற்காலி ஏலத்தில் 2 கோடியே 19 லட்சம் யூரோவுக்குப் போனது. நாற்காலிதான், தங்கமெல்லாம் இல்லை.

இ-1027 வீட்டைப் பழுது பார்த்து 2015இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். ஐலீன் கிரே கட்டியது என்றே சொல்லிக் காட்டுகிறார்கள். கர்பூசியேவின் ஓவியங்களையும் அழிக்கவில்லை. எங்கள் வகுப்பில் இதைச் சொன்னபோது பாதிப் பேர் அழிக்கணும் என்றார்கள், பாதிப் பேர் அதுவும் கலைதானே என்றார்கள். நான் அழிக்கணும் கட்சி.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி