சிறுநீரில் பாஸ்பரஸை அளந்த டாக்டர்

சிவகாசித் தீப்பெட்டியின் பக்கவாட்டில் பழுப்பு நிறப் பூச்சு ஒன்று இருக்கிறதல்லவா? அதில் உரசினால்தான் குச்சி பற்றுகிறது. அந்தப் பூச்சில் இருப்பது சிவப்பு பாஸ்பரஸ். இந்த பாஸ்பரஸை மனிதன் முதன்முதலில் எதிலிருந்து எடுத்தான் தெரியுமா? சிறுநீரிலிருந்து!

1669-ம் ஆண்டில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஹென்னிக் பிராண்ட் என்பவர் தங்கம் செய்யும் ஆசையில் சிறுநீரைக் காய்ச்சினார். தங்கம் வரவில்லை. இருட்டில் ஒளி விடும் பாஸ்பரஸ் வந்தது.

அந்தச் சிறுநீரில் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சுலபமாக அளக்க வழி கண்ட இருவரில் ஒருவர், சென்னையில் படித்த டாக்டர் எல்லாப்பிரகட சுப்பாராவ்.

கதர் செய்த வினை

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895-ம் ஆண்டு சுப்பாராவ் பிறந்தார். ஏழைக் குடும்பம். சிறு வயதில், காசியில் வாழைப்பழம் விற்றுப் பணம் சேர்க்கலாம் என்று வீட்டை விட்டு ஓடினார். திரும்ப அழைத்து வரப்பட்டார். மெட்ரிகுலேஷன் பரீட்சையில் இரண்டு முறை தவறி, மூன்றாவது முறை தேறினார்.

சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் உடையுடன் அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குக் கோபம். எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டமே கிடைத்தது. அவருடைய சகோதரர்கள் இருவர் ஸ்புரூ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து மாண்டனர். அந்தத் துயரம் அவரை ஆராய்ச்சியின் பக்கம் திருப்பியது.

இரவு வேலை

1922-ம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் சென்றார். ஹார்வர்டில் படிப்பு, செலவுக்குப் பணம் இல்லை. ஆஸ்பத்திரி ஒன்றில் இரவுச் சிப்பந்தியானார். நோயாளிகளின் மலம், சிறுநீர்ப் பாத்திரங்களைச் சுத்தம் செய்வது அவர் வேலை. சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கியதும் அதே சமயத்தில்தான். அது 1923-ம் ஆண்டு.

குண்டிக்காய் என்று நாம் சொல்லும் சிறுநீரகம் என்ன செய்கிறது? ஒவ்வொன்றிலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய வடிகட்டிகள். ரத்தத்திலிருந்து நீர், உப்பு, சர்க்கரை, பாஸ்பேட் ஆகியவை இவற்றின் வழியாக இறங்குகின்றன. ரத்த அணுக்களும் பெரும்பாலான புரதமும் தங்கிவிடுகின்றன. இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர்! அதை அடுத்துள்ள நுண்குழாய்கள் 99 சதவீதத்தைத் திரும்ப ரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன. மிஞ்சும் ஒன்றரை லிட்டர்தான் சிறுநீர். வேண்டாத பாஸ்பேட் அதோடு வெளியேறும். சிறுநீரகம் கெட்டால் அது ரத்தத்தில் தேங்கும்; எலும்பு பலவீனமாகும்.

நீல நிறம்

ஆகவே ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸை அளப்பது அவசியமாயிற்று. சைரஸ் ஃபிஸ்கே என்ற பேராசிரியருடன் சேர்ந்து சுப்பாராவ் கண்ட முறை 1925-ல் வெளியாயிற்று. சிறுநீரில் சில ரசாயனங்களைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். பாஸ்பரஸ் அதிகமானால் நீலமும் அதிகம். நிறத்தை ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். பல்லாண்டுக் காலம் உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் இந்த முறை கையாளப்பட்டது.

இதே முறையைக் கொண்டு இருவரும் தசையை ஆராய்ந்தனர். உடலுக்குச் சக்தி தரும் ஏ.டி.பி. என்ற பாஸ்பரஸ் பொருளைக் கண்டனர். ஜெர்மனியில் லோமன் என்பவரும் 1929-ல் அதைத் தனியாகக் கண்டார். சிறுநீரகக் குழாய்கள் உப்பைத் திரும்ப இழுப்பதும் இந்த ஏ.டி.பி.யின் சக்தியால்தான்!

கந்தக பூமியின் வெயிலில் வேலை செய்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வியர்வையாய் நீர் போய்விட்டால், சிறுநீரகம் மிச்ச நீரை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் குறைந்து மஞ்சளாகும். நாளடைவில் உப்புகள் கல்லாகத் திரளலாம். தாகத்தை அடக்கி வேலை பார்ப்பது கெட்டிக்காரத்தனம் அல்ல.

தாய்நாடு திரும்பாதவர்

1940-ல் லெடர்லி நிறுவனத்தில் சேர்ந்த சுப்பாராவ், யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மருந்து உருவாக வழிகாட்டினார். ஸ்புரூ நோயால் வரும் சோகைக்குப் பயன்படும் ஃபோலிக் அமிலத்தை 1945-ல் அவரது குழு தயாரித்தது. சகோதரர்கள் இறந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகே அந்த மருந்து வந்தது.

1948 ஆகஸ்டில், 53-வது வயதில், நியூயார்க்கில் அவர் காலமானார். 1922-ல் புறப்பட்டவர் ஒரு முறைகூடத் தாய்நாடு திரும்பவில்லை. 1995-ல் இந்திய அரசு அவர் படம் பொறித்த தபால்தலையை வெளியிட்டது.