‘அலர்ஜி’ என்ற சொல்லைத் தந்த வியன்னா டாக்டர்

தூசி பட்டா தும்மல், இறால் சாப்பிட்டா தடிப்பு. ‘எனக்கு அலர்ஜிங்க’ என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். 1906-க்கு முன்பு இந்தச் சொல்லே கிடையாது. அதை உருவாக்கியவர் கிளெமென்ஸ் வான் பிர்கே.

1874-ல் வியன்னா அருகே பிறந்தவர். முதலில் இறையியல் படித்தார். பிறகு மருத்துவத்துக்கு மாறி, குழந்தைகள் டாக்டர் ஆனார். அப்போது தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரை ரத்தத்தில் எடுத்த சீரத்தை ஊசியாகப் போடுவார்கள். சில குழந்தைகளுக்கு ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சலும் தடிப்பும் வரும். மறுபடி போட்டால், சீக்கிரமே வந்துவிடும்.

ஏன் இப்படி? பிர்கேவும் சக டாக்டர் பேலா ஷிக்கும் ஆராய்ந்தார்கள். குதிரைச் சீரம் மட்டும் காரணமில்லை. அதை எதிர்க்க உடம்பு தயாரிக்கும் பொருளும் சேர்ந்துதான் நோயைத் தருகிறது என்றார்கள். வேலியே பயிரை மேய்கிற கதை! அன்றைய மருத்துவ உலகம் இதை எளிதில் ஏற்கவில்லை.

அவர் விடவில்லை. 1907-ல் தோலில் லேசாகக் கீறி, காசநோய்க் கிருமி உடம்புக்குள் புகுந்திருக்கிறதா என்று அறியும் சோதனையைத் தந்தார். முதல் உலகப்போருக்குப் பிறகு, அமெரிக்க உதவியுடன் ஆஸ்திரியாவின் பசித்த குழந்தைகளுக்கு உணவளிக்கும் பணியை முன்னின்று நடத்தினார்.

1929-ல் அவரும் மனைவியும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர். நோபல் பரிசு கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால், இன்று பல நாடுகளில் இத்துறை நிபுணர்களின் சங்கங்கள் அவர் தந்த சொல்லையே பெயரில் தாங்கி நிற்கின்றன.

ஊசி போடும் முன், ‘முன்னாடி இந்த மருந்து ஒத்துக்காம போயிருக்கா?’ என்று டாக்டர் கேட்டால், யோசித்துப் பதில் சொல்லுங்கள். முதல் தடவையை உடம்பு மறப்பதில்லை. பிர்கே கண்டது அதைத்தான்.