மூச்சுக்குத் தவித்த புனிதை



நம் பங்குகளில் லூர்து கெபி இல்லாத ஊர் அரிது. மேலே அமல உற்பவ அன்னை. கீழே செபமாலையோடு முழந்தாளிட்டிருக்கும் ஒரு சிறுமி. மெழுகுதிரி ஏற்றி அன்னையிடம் மன்றாடும் நாம் அந்தச் சிறுமியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அவர்தான் புனித பெர்னதெத். வாழ்நாளெல்லாம் ஆஸ்துமாவோடு போராடியவர்.

1844 சனவரி 7 அன்று பிரான்சு நாட்டின் லூர்து நகரில், மாவு ஆலை நடத்திய ஓர் எளிய குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். சிறு வயதிலேயே இளைப்பு பற்றிக்கொண்டது. 1855-ல் காலரா கண்டு பிழைத்தபின் உடல் இன்னும் நலிந்தது. தொழில் நொடித்துப்போய், 1857-ல் குடும்பம் முழுவதும் பழைய சிறைச்சாலையின் ஓர் அறையில் குடியேறியது. கைதிகளுக்கே ஆகாது என்று கைவிடப்பட்ட, ஈரம் கசியும் அறை அது.

1858 பிப்ரவரி 11 அன்று வீட்டில் விறகு இல்லை. குளிரில் மகளுக்கு இளைப்பு வந்துவிடுமே என்று தாய் அனுப்பத் தயங்கினார். கெஞ்சிக் கேட்டுத்தான் தங்கையோடும் தோழியோடும் புறப்பட்டார். மசபியேல் குகை அருகே மற்ற இருவரும் சில்லென்ற ஓடையைக் கடந்து ஓடிவிட்டார்கள். தண்ணீரில் கால் வைக்க அஞ்சிய பெர்னதெத் இக்கரையில் தனியாக நின்றார். அங்கேதான் அன்னையின் முதல் காட்சி கிடைத்தது. ஓடியாட முடியாமல் பின்தங்கியவரையே விண்ணகம் தேடி வந்தது.

பிப்ரவரி 25 அன்று அவர் கையால் தோண்டிய இடத்தில் ஊற்று பிறந்தது. அந்தத் தண்ணீரால் பலர் நலம் பெற்றனர். ஆனால் அவருடைய இளைப்பு மட்டும் தீரவில்லை. அதற்காக அவர் முறையிடவும் இல்லை, வைத்தியத்தை வெறுக்கவும் இல்லை. ஆஸ்துமாவுக்கென்று மருத்துவர் சொன்ன மூக்குப்பொடியைப் போட்டுக்கொண்டார். பள்ளியில் தோழிகளுக்கும் கொடுக்க, வகுப்பே தும்மியதாம்! 1866-ல் நெவேர் கன்னியர் மடத்தில் சேர்ந்த பிறகும் பொடி டப்பியை அவர் ஒளிக்கவில்லை. சகோதரிகள் கேலி செய்தால் தாமும் சேர்ந்து சிரித்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் மூச்சு முட்டிச் சாகும் நிலைக்குப் போய், படுக்கையிலேயே வார்த்தைப்பாடு கொடுத்துப் பின் பிழைத்தார். மடத்தில் நோயாளிச் சகோதரிகளைக் கவனிப்பதே அவரது பணியானது. 1879 ஏப்ரல் 16 அன்று, படுத்தால் மூச்சு விட முடியாததால், சாய்வு நாற்காலியில் அமர்ந்தபடியே 35-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்தார். 1933-ல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அன்பர்களே, ஆவூரில் பாஸ்காவும் தேரும் நடக்கும் நாள்களில் புழுதியும் புகையும் பலருக்கு இளைப்பைக் கிளப்பிவிடுகின்றன. தூபம் போட்டதும் இருமல் வந்து, எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று கோயிலைவிட்டு எழுந்து போகிறவர்கள் உண்டு. இருமும்போது சிறுநீர் கசிவதால் திருப்பலிக்கு வரவே கூசும் தாய்மார்கள் உண்டு. பெண் பார்க்க வருகிறார்கள் என்று இன்ஹேலரை ஒளித்துவைக்கும் வீடுகளும் உண்டு.

பெர்னதெத்துக்குக் கிடைத்தது மூக்குப்பொடிதான். நமக்கோ மூச்சுக்குழாயின் வீக்கத்தைத் தணிக்கும் நல்ல மருந்துகள் உண்டு. இன்ஹேலர் போதையாகிவிடும் என்ற பயம் வேண்டாம். தினமும் எடுக்கச் சொன்னதை இளைப்பு இல்லாத நாளிலும் எடுங்கள். இரவில் இளைப்பால் விழிப்பு வந்தாலோ, அவசர மருந்து அடிக்கடி தேவைப்பட்டாலோ நோய் கட்டுக்குள் இல்லை; மருத்துவரை மீண்டும் பாருங்கள். சிறுநீர்க் கசிவையும் சொல்லுங்கள், அதற்கும் வழி உண்டு.

பக்கத்தில் ஒருவர் இருமினால் முறைத்துப் பார்க்காமல், காற்றோட்டமான இடத்தில் அவரை அமர்த்துவோம். அதுவும் இறைப்பணியே.

புனித பெர்னதெத்தே, மூச்சுக்குத் தவிக்கும் அனைவருக்காகவும் வேண்டிக்கொள்ளும்.