இன்முகச் செல்வர் வேதநாயகர்

பொருளைப் பிறர்க்கு வழங்குவார் உலகிற் பலர்; கல்வியை வழங்குவாரும் உளர். உள்ளத்து மகிழ்ச்சியை நாள்தோறும் வழங்கி வாழ்ந்தவரோ மிகச் சிலர். அவருள் ஒருவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை.

இவர் 1826ஆம் ஆண்டில், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரியம்மைக்கும் மைந்தராய்த் தோன்றினார். கத்தோலிக்கக் கிறித்தவக் குடியில் வளர்ந்தார். தமிழும் ஆங்கிலமும் கற்றுத் தேர்ந்து, நீதிமன்றத்திற் பணியேற்று, 1857இல் முனிசீபு என்னும் நீதிபதி பதவியை அடைந்தார்.

வழக்குமன்றத்தை நாடி வருவோர் கவலையோடு வருவர். அக்காலத்து மேல்மன்றத் தீர்ப்புகள் ஆங்கிலத்தில் இருந்தமையால், தமிழ் மட்டுமே அறிந்தோர்க்கு அவை எட்டாக் கனியாயின. அவ்விடர் நீங்க, 1805 முதல் 1861 வரை வெளியான தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, 'சித்தாந்த சங்கிரகம்' என வெளியிட்டார். ஏழைக்கு அச்சம் நீங்குதலும் ஒரு மகிழ்ச்சியன்றோ!

நகைச்சுவை இவர்க்கு இயல்பாய் அமைந்தது. தமிழின் முதல் புதினமாகிய 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை 1879இல் வெளியிட்டார். செல்வ மகன் செய்யும் பிழைக்கு ஆசிரியர் வீட்டுச் சிறுவன் அடிபடும் வேடிக்கையை அதிற் காணலாம். படிப்போர் முதலிற் சிரிப்பர். பின்னர், இது முறையோ எனச் சிந்திப்பர். இவரது நகைச்சுவை எளியாரைப் புண்படுத்துவதன்று. அவர்க்காகப் பரிந்து பேசுவது.

தம் சமயத்தில் உறுதி பூண்ட இவர், பிற சமயத்தாரிடத்தும் நீங்கா நட்புக் கொண்டார். திரிசிரபுரம் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது 'குளத்துக் கோவை' பாடினார். எச்சமயத்தாரும் ஒருங்கு பாடி மகிழ, இவர் 1878இல் 'சர்வ சமய சமரசக் கீர்த்தனை'யை வெளியிட்டார். அப்பாடல்கள் இன்றும் இசையரங்குகளில் ஒலிக்கின்றன.

இவ்வின்முகத்திற்கும் ஒரு சோதனை வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டைப் பெரும் பஞ்சம் வாட்டியது. பட்டினியால் மாண்டோர் பல இலட்சம். பசித்தோர்முன் நகைமொழி பயன்படுமோ? பயன்படாது என்பதை வேதநாயகர் உணர்ந்தார். பணியினின்றும் முன்பே ஓய்வு பெற்றிருந்தும், தம் பொருளைத் தமக்கெனப் பேணாது, வறியோர் பசி தீர்க்க வழங்கினார். மக்கள் துயர் தீர இறைவனை இறைஞ்சிக் கீர்த்தனைகளும் பாடினார். அவர் கொடையைக் கண்டு நெகிழ்ந்த கோபாலகிருட்டிண பாரதியார், அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை இயற்றினார். நந்தனாரின் பெருமையைப் பாடிய சைவ அன்பர், கிறித்தவ அன்பரைப் போற்றிய அந்நிகழ்ச்சி என்றும் நினையத்தக்கது.

பெண்கள் கல்வி பெறுதல் வேண்டுமென்று வற்புறுத்தி நூல்கள் இயற்றியும் இவர் தொண்டாற்றினார். 1889இல் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

வளமுள்ள காலத்தில் முகமலர்ந்து பேசுதல் எவர்க்கும் எளிது. பிறர் வாடுங்கால் தம் கைப்பொருளை ஈந்து, அவர் முகம் மலரக் காண்பதே உண்மை மகிழ்ச்சியாம். வேதநாயகர் வாழ்க்கை உணர்த்தும் உண்மை இதுவே.