ஏட்டுக்கு வழக்குரைத்த நீதிபதி

மட்டக்களப்பு வாவியின் இருமருங்கும் அமைந்த ஊர்களில், வைகாசித் திங்களிலே கண்ணகையம்மன் சடங்கு நிகழுங்கால், கோயில் முன்றிலில் வழக்குரை பாடக் கேட்டு வளர்ந்தோர் நம் பழைய மாணவருட் பலர். அவ்வேடு பழுதுற்றபோதெல்லாம் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைத்தவர் நம் முன்னோர். அங்ஙனம் பெயர்த்தெழுதுவார் இல்லாத நூல்கள் என்னாயின? செல்லுக்கும் கறையானுக்கும் தீக்கும் இரையாயின. அவ்வழிவினின்றும் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் மீட்டு அச்சேற்றியவர் ஒரு வழக்கறிஞர், நீதிபதியாகவும் வீற்றிருந்தவர். அவரே சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள்.

பிள்ளையவர்கள் யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மைந்தராக 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் 12ஆந் தேதி பிறந்தார். சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெல்லிப்பழையில் அமெரிக்க மிஷன் பாடசாலையிலும், பின்னர் வட்டுக்கோட்டைச் செமினரியிலும் ஆங்கிலமும் பிற கலைகளும் பயின்றார். கோப்பாயிற் சிலகாலம் ஆசிரியராயிருந்தார். பேர்சிவல் பாதிரியார் அழைப்பின்மேற் சென்னை சென்று, தினவர்த்தமானி என்னும் பத்திரிகையை நடத்தினார். 1857ஆம் ஆண்டிற் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டு நிகழ்ந்த முதலாவது பி. ஏ. தேர்விலே தேறியவர் இருவர். ஒருவர் பிள்ளையவர்கள், மற்றவர் கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் ஈழநாட்டவர் என்பதும், ஒரே செமினரியின் பழைய மாணவர் என்பதும் நாம் நினைந்து மகிழத்தக்கன.

பின்னர் அவர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் அமர்ந்து உயர்பதவி எய்தினார். அலுவல் பார்த்துக்கொண்டே சட்டமும் படித்து 1871ஆம் ஆண்டில் பி. எல். பட்டம் பெற்றார். 1882இல் உத்தியோகத்தினின்றும் ஓய்வுபெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராயினார். 1887 முதல் 1890 வரை புதுக்கோட்டைச் சமத்தானத்தில் நீதிபதியாய்ப் பணியாற்றினார். 1895இல் அரசினர் அவருக்கு இராவ்பகதூர் பட்டம் வழங்கினர்.

இவ்வளவோடு நின்றிருப்பின், பதவியும் பட்டமும் பெற்று மறைந்த பலருள் ஒருவராய் அவரும் மறக்கப்பட்டிருப்பார். ஆனால் பகலிற் கட்சிக்காரர் வழக்கைப் பார்த்த அவர், எஞ்சிய பொழுதெல்லாம் வாய்பேசாத கட்சிக்காரர் ஒருவருக்காக உழைத்தார். அக்கட்சிக்காரர் தமிழ் ஏடுகளே.

1868ஆம் ஆண்டில், ஆறுமுக நாவலர் பரிசோதித்துக் கொடுக்க, தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையுடன் வெளியிட்டார். நாவலர் 1879இல் மறைந்தபின் பெருஞ்சுமையைத் தாமே தாங்கினார். 1881இல் வீரசோழியமும், 1883இல் இறையனாரகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885இல் பொருளதிகாரமும், 1887இல் கலித்தொகையும், 1889இல் இலக்கணவிளக்கமும் சூளாமணியும் ஒன்றன்பின் ஒன்றாய் வெளிவந்தன. இவற்றுக்காகப் பொழுதோடு கைப்பொருளையும் செலவிட்டார். ஏழாலையில் ஒரு பாடசாலையும் நிறுவினார்.

ஏடு பதிப்பித்தல் எத்தன்மைத்து என்பதை மாணவர் அறிதல் வேண்டும். கட்டை அவிழ்த்தால் ஓலை முரியும். புரட்டினால் விளிம்பு உதிரும். எழுத்திற் புள்ளியில்லை, மெய்யோ உயிர்மெய்யோ என இடம்நோக்கித் துணிதல் வேண்டும். ஒரே நூலின் இரண்டு பிரதிகள் ஒத்திருப்பதும் அரிது. ஒவ்வொரு பிரதியும் ஒவ்வொரு சாட்சி. எச்சாட்சி நேரிற் கண்டது, எது பிறர் சொல்லைக் கேட்டுரைப்பது என ஆய்ந்து, ஒரு பாடத்தைத் தீர்ப்பாக எழுதுதல் வேண்டும். நீதிமன்றத்திற் பழகிய அறிவு அவருக்கு இங்கே கைகொடுத்தது என்று கொள்வதில் இழுக்கில்லை.

அவர் தீர்ப்பு யாவும் பிழையற்றனவோ எனின், அல்ல. பொருளதிகாரம் முழுமைக்கும் நச்சினார்க்கினியர் உரை என்றே அவர் வெளியிட்டார். அதன் பின்னியல்கள் சிலவற்றின் உரை பேராசிரியருடையது என்பதை இரா. இராகவையங்கார் பிற்காலத்தில் நிறுவினார். கும்பகோணத்தில் உடன் வாழ்ந்த உ. வே. சாமிநாதையரோடு ஏற்பட்ட கருத்து வேற்றுமையும் பலரறிந்ததே. ஐயர் பதிப்பிக்க முயன்றுகொண்டிருந்த சீவகசிந்தாமணியைத் தாம் பதிப்பிக்கப் பிள்ளையவர்கள் விரும்பிக் கேட்டார், ஐயர் இசைந்திலர். 1887இல் ஐயரின் சிந்தாமணியும் பிள்ளையவர்களின் கலித்தொகையும் வெளிவந்தன. இருவர் முயற்சியாலும் பயன் பெற்றது தமிழே.

பிழை நேருமே என்று அஞ்சி, நிறைவான பிரதி கிடைக்குமட்டும் அவர் காத்திருந்திருப்பின் விளைவு யாது? சாட்சி இறந்தபின் வழக்கு நடவாது. கீழ்மன்றத் தீர்ப்பு ஒன்று இருந்தாலன்றோ மேன்மன்றம் அதனைத் திருத்தலாகும்? பிள்ளையவர்கள் அச்சிட்டு வைத்தமையாலேதான் இராகவையங்கார் போன்றார் திருத்த முடிந்தது. குறைகாணப்படும் என்றறிந்தும் செயலில் இறங்கிய துணிவே அவர் பெருமை. விடையிற் பிழை வருமென்று வெற்றுத்தாளை நீட்டும் மாணவர்க்கு யான் இவர் வரலாற்றையே எடுத்துக் கூறுவது வழக்கம்.

1901ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதி பிள்ளையவர்கள் சென்னையில் உலகவாழ்வை நீத்தார். அப்பொழுது காரைதீவிற் பிறந்த நம் விபுலாநந்த அடிகள் ஒன்பது வயதினை எட்டாத சிறுவர். அச்சிறுவர் வளர்ந்து 1947இல் யாழ்நூலை அரங்கேற்றியதும், பழைய நூல்கள் அதற்குமுன் ஏட்டினின்றும் அச்சேறியிருந்தமையாலன்றோ? சிறுப்பிட்டியில் தோன்றியவர் கும்பகோணத்தில் ஏற்றிய விளக்கு நம் வாவிக்கரை வரையும் ஒளி தந்தது.

1978ஆம் ஆண்டுச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையையும் கண்ட நமக்கு, ஓலை எத்துணை எளிதில் அழியும் என்பது சொல்லாமலே விளங்கும். மருத்துவ ஏடும் கூத்து ஏடும் காவிய ஏடும் நம் ஊர்ப் பெட்டகங்களில் இன்னும் இருத்தல் கூடும். நம் பழைய மாணவர் பலர் நீதிமன்றிலும் அலுவலகங்களிலும் கல்விக்கூடங்களிலும் சிறந்து விளங்குகின்றனர். அன்னார் தத்தம் ஊரிலுள்ள பெட்டகம் ஒன்றையேனும் திறந்து பார்ப்பாராயின், இவ்விழாவிற்கு அதனினும் சிறந்த காணிக்கை வேறில்லை. பதவி தந்த ஆற்றலைப் பதவிக்கு அப்பாலும் செலவிட்ட பிள்ளையவர்கள் திருநாமம் நீடு வாழ்க.