பனிமயதாஸ் என்கிற சந்திரபாபு

ஆகஸ்ட் 5 என்றால் தூத்துக்குடியில் பனிமய மாதா திருவிழா. எங்க ஏரல்ல இருந்தும் கூட்டமா பஸ் ஏறுவாங்க. 1927-ல் அதே ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் ஒரு பரதவர் குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு மாதாவின் பெயரையே வைத்தார்கள்: ஜோசப் பனிமயதாஸ் ரோட்ரிக்ஸ். ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர் ஜே.பி. சந்திரபாபு.

நம்மில் பலருக்கு அவர் ஒரு பழைய படத்துக் காமெடியன், அவ்வளவுதான். ஆனா அவர் தமிழ் சினிமாவுக்கு ஒரு புதுக் குரலைக் கொண்டு வந்த பாடகர்.

அப்பா சுதந்திரப் போராட்ட வீரர். அதனால குடும்பம் கொழும்புக்குப் போக வேண்டி வந்தது. பாபு அங்கேயும் படித்தார். 1940-களில் சென்னை வந்து, 1947-ல் 'தன அமராவதி'யில் தலைகாட்டினார். அதுக்கப்புறம் வருஷக்கணக்கா ஸ்டூடியோ வாசல்தான். 1952-ல் மனசு உடைந்து, ஜெமினி ஸ்டூடியோவில் உயிரை விட முயன்றார். காப்பாற்றிவிட்டார்கள். அதே ஜெமினியின் 'மூன்று பிள்ளைகள்' படத்தில் பிறகு நடித்தார். அந்த முயற்சிதான் வாய்ப்பு வாங்கித் தந்ததுன்னு சிலர் கதை மாதிரி சொல்றது எனக்குப் பிடிக்கல. பிழைச்சதாலதான் அவருக்கு எல்லாமே கிடைச்சது. அப்போ அவர் நம்மளவிட மூணு நாலு வயசுதான் பெரியவர். பிளேஸ்மென்ட் சீசன்ல இது ஞாபகம் இருக்கட்டும்.

அவர் கொண்டு வந்தது யோடலிங். ஆல்ப்ஸ் மலை இடையர்கள் பாடுற முறை அது. அடிக்குரல்ல இருந்து உச்சிக்குரலுக்குச் சட்டுனு தாவி, அதே வேகத்துல இறங்கணும். மத்த பாடகர்கள் இந்த ரெண்டு குரலுக்கும் நடுவுல உள்ள ஒட்டு தெரியாம இருக்கத்தான் சாதகம் பண்ணுவாங்க. இதுல அந்த ஒட்டுதான் அழகே. ஆனாலும் அவர் பாட்டு இரவல் சரக்கா கேட்காது. 'புதையல்' (1957) படத்தில் மெட்டு மேற்கத்திய ஆட்டம் போடும். பட்டுக்கோட்டையார் எழுதின வரி நம்ம தெருப் பேச்சு. 'பெண்' (1954) படத்தில் எஸ். பாலசந்தருக்கே குரல் கொடுத்தார். 'சபாஷ் மீனா'வில் (1958) இரட்டை வேடம். அதில் ரிக்‌ஷாக்காரரா வந்து மெட்ராஸ் பாஷையில் பிச்சு உதறினார்.

உச்சியில இருந்து இறங்குறதும் அதே வேகம்தான். கல்யாணம் நிலைக்கவில்லை. எம்.ஜி.ஆரை வைத்துத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியிலேயே நின்று, கடன் சேர்ந்தது. அவரே இயக்கிய 'தட்டுங்கள் திறக்கப்படும்' (1966) ஓடவில்லை. 1974 மார்ச்சில் இறந்தபோது வயது 46.

இன்னைக்கு ராத்திரி ஹெட்போன் மாட்டி 'புதையல்' பாட்டைக் கேளுங்க. அப்புறம் 'அன்னை' (1962) படத்துல அவர் தனியா பாடினதைக் கேளுங்க. ரெண்டும் ஒரே ஆள் குரல்தான்.